முதல் சஹன் ஆண்களுக்கு

எனக்குச் சீனி வருத்தம் என்று டொக்டர் சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, "பிழைப்பேனா?" என்பதல்ல. "இது வெளியே தெரியாமல் வைத்திருக்கலாமா?" என்பதுதான். கலியாண வயதில் ஒரு மகளை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கிற உம்மாமாரைக் கேட்டுப் பாருங்கள், அவர்களும் அதைத்தான் கேட்பார்கள். இந்த வருத்தம் ரத்தத்தோடு இறங்கும் என்று ஊரில் ஒரு பேச்சு. உம்மாவுக்குச் சீனி என்று காதில் விழுந்தால், மகளைப் பெண் கேட்டு ஒருத்தரும் வாசற்படி ஏற மாட்டார்கள்.

இப்போது உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது. கதிரையை ஜன்னலடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். எனக்கு எழுதத் தெரியும் என்பதே எங்கள் தெருவில் பலருக்குத் தெரியாது. தெரிந்தால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள். என் பெயர் சபியா. எங்களவருக்குக் கண்டி டவுனில் ஒரு பலசரக்குக் கடை. எங்களுக்கு ஹலீமா என்று ஒரே மகள். நான் போட்டுக்கொள்கிற இந்த ஊசியை இனி நம் ஆட்களில் எத்தனையோ பேர் போட்டுக்கொள்ள வேண்டிவரும். எனக்கு நடந்தது அவர்களுக்கும் நடந்துவிடக் கூடாது என்றுதான் இந்தப் பாடு.

முதலில் வந்தது தாகம். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தொண்டை காய்ந்தே கிடந்தது. குடித்ததெல்லாம் நிற்காமல் வெளியே போனது. பேய்ப்பசி பசித்தது, வஞ்சகமில்லாமல் தின்றேன், ஆனாலும் உடம்பு கரைந்துகொண்டே போனது. கைவளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. எங்களவரின் தங்கச்சி ஆயிஷா அதைப் பார்த்துவிட்டு, "என்ன மருந்து சாப்பிடுற மச்சி? கொமருப் புள்ள மாதிரி ஈக்கிறீங்களே!" என்று கேலி செய்தாள். நானும் பல்லைக் காட்டி வைத்தேன். உள்ளுக்குள் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று எனக்குத் தெரியாமலில்லை.

அதற்குப் பிறகு எறும்பு வந்தது. குளிக்கிற அறையில் தண்ணீர் போகிற கான் ஓரமாகக் கட்டெறும்பு சாரைசாரையாக வந்தது. சாம்பல் போட்டேன், வெந்நீர் ஊற்றினேன், மறுநாளும் வந்தது. அது எதைத் தேடி வருகிறது என்று புரிந்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. யாரிடம் போய் இதைச் சொல்வது? வாயை மூடிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தேன்.

மிதியடி வார் உரசிக் கால் பெருவிரலில் ஒரு சின்னப் புண். வலியே இல்லாததால் நான் கவனிக்கவில்லை. வலிக்காத புண்ணுக்குத்தான் பயப்பட வேண்டும் என்று அப்போது எனக்கு யார் சொன்னார்கள்? அது கறுத்து, வாடை வரத் தொடங்கிய பிறகுதான் எங்களவர் பதறிப்போய் ரிக்ஷா பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் ஒரு நீட்டு வாங்கு. அதில் உட்கார்ந்து இருமுகிறவர்கள், முனகுகிறவர்கள், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வெறித்துப் பார்க்கிறவர்கள். சிங்களத்தில் பெயரைக் கூப்பிடுவார்கள்; ஒவ்வொரு தடவையும் என் பெயரோ என்று நெஞ்சு திக்கென்றது. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. கடைசியில் கூப்பிட்டபோது, கையில் ஒரு கண்ணாடிக் குவளையைக் கொடுத்து, சிறுநீர் எடுத்துவரச் சொன்னார்கள். அந்தக் குவளையை முந்தானையால் மூடிக்கொண்டு அத்தனை ஆண்களுக்கு முன்னால் நடந்து வந்தேனே, அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்துத் தண்ணீரை எடுத்து, அதில் என் சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஸ்பிரிட் விளக்கில் பிடித்தார். நீலம் பச்சையாயிற்று, பச்சை மஞ்சளாயிற்று, பிறகு கலங்கிப்போய் செங்கல் பொடியைக் கரைத்ததுபோல ஆகிவிட்டது. டொக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"இது சலரோகம், அம்மா. நீங்கள் சீனி வருத்தம் எண்டு சொல்லுவியள்," என்றார். "வயித்துக்குள்ள கணையம் எண்டு ஒண்டு இருக்கு. அது சுரக்கிற நீர்தான் நாங்கள் சாப்பிடுற சீனியை உடம்பில சேர்க்கிறது. உங்களுக்கு அது வத்திப்போச்சு. சீனி எல்லாம் ரத்தத்தில நிண்டு சலத்தோட போகுது. நீங்கள் எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு பட்டினி கிடக்குது. விளங்குதோ?"

விளங்கியது. எறும்புக்கு எனக்கு முன்னமே விளங்கியிருந்தது.

"முந்தி எண்டால் ஆளைப் பட்டினி போட்டுக் கொஞ்ச நாள் வைச்சிருப்பம், அவ்வளவுதான். இப்ப இன்சுலின் எண்டு ஊசி வந்திருக்கு."

"எவ்வளவு காலத்துக்கு டொக்டர் ஊசி போடுற?" என்று எங்களவர் கேட்டார்.

"உயிர் இருக்கும் மட்டும்."

எங்களவர் பக்கத்திலிருந்த கதிரையைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். பிறகு, அந்த மருந்தை எந்த மிருகத்திலிருந்து எடுக்கிறார்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மாட்டிலிருந்தும் எடுப்பார்கள், பன்றியிலிருந்தும் எடுப்பார்கள், உங்களுக்கு மாட்டிலிருந்து எடுத்ததையே எழுதித் தருகிறேன் என்று டொக்டர் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. அந்தக் குப்பி கொழும்பிலிருந்து ரயில் கோச்சியில் வர வேண்டும். விலையைக் கேட்டுவிட்டு வந்த அன்று அவர் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

என்னை ஆஸ்பத்திரி வாட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். அடுத்த கட்டிலில் கலஹாப் பக்கத்துத் தோட்டத்துப் பெண் செல்லாயி. என் வயதுதான் இருக்கும். எனக்கு வந்த அதே வருத்தம், அதே காற்புண். ஆனால் எனக்கு விரலில் இருந்தது, அவளுக்குக் கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. கொழுந்து பறிக்கிற காலுக்கு அட்டை கடித்த புண் என்று நினைத்துப் பச்சிலை கட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"தோட்டத்து மருந்துக்காரரு ஒரே கலக்கு மருந்தத்தாங்க எல்லாத்துக்கும் குடுப்பாரு," என்றாள். "இங்க வந்தாத்தான் இப்புடி ஒரு நோக்காடு இருக்குன்னே தெரியுது. காலை எடுக்கணும்ங்கிறாங்க. காலை எடுத்துட்டா நான் எப்புடிங்க மலை ஏறுவேன்?"

அவள் புருஷன் பஸ் ஏறி வரும்போதெல்லாம் கதலிப்பழம் கொண்டுவருவான். அதை அவளுக்குக் கொடுக்கக் கூடாது என்று தாதி எடுத்து வைத்துவிடுவாள். செல்லாயி எப்படியோ ஒன்றை ஒளித்து வைத்து, தலையணைக்கடியிலிருந்து எனக்கு நீட்டுவாள். "நீங்களாவது சாப்புடுங்கம்மா, பாவம், அந்த வேகவச்ச கீரையத் தின்னுட்டு கெடக்குறீங்க." நமக்கு இரண்டு பேருக்கும் அது நஞ்சு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாங்கி வைத்துக்கொண்டு, அவள் கண்ணயர்ந்ததும் தாதியிடம் கொடுத்துவிடுவேன்.

ஒரு நாள் காலையில் செல்லாயி மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். அவள் கட்டில் பக்கம் பழுத்துக் கனிந்த பழத்தின் வாசம் வந்தது. பழத்தை இன்னும் எங்கேயாவது ஒளித்து வைத்திருக்கிறாளோ என்று நான் தலையணையைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அது அவள் மூச்சிலிருந்து வந்த வாசம். டொக்டர் ஓடி வந்தார், ஊசி போட்டார், திரையை இழுத்து மூடினார்கள். மத்தியானம் திரையைத் திறந்தபோது கட்டில் காலியாக இருந்தது.

"சீனி உடம்பில சேராட்டில் உடம்பு தன்ர கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதால வாற நஞ்சுதான் அந்த மணம்," என்று டொக்டர் எனக்குப் பிறகு சொன்னார். நான் கேட்காமலே சொன்னார். நான் என் உள்ளங்கையில் மூச்சை விட்டு விட்டு முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கண்டிருக்க வேண்டும்.

ஊசி போடப் பழக வேண்டும் என்றார்கள். எங்களவர் ஊசியைக் கண்டாலே வேர்த்துப்போய் விடுவார். என் கையோ நடுங்கும். ஹலீமாதான் முன்னே வந்தாள். தாதி அவளிடம் ஒரு தோடம்பழத்தைக் கொடுத்து அதில் குத்திப் பழகச் சொன்னாள். விறாந்தை வாங்கில் உட்கார்ந்துகொண்டு முக்காட்டைச் சரிசெய்து சரிசெய்து அந்தப் பழத்தைக் குத்தினாள். அடுத்த நாள் என் தொடையில் குத்தினாள். எனக்கு எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலிக்கவில்லை. அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை, எனக்குத்தான் அழுகை வந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் எங்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "சீனி கூடினாலும் ஆபத்து, குறைஞ்சாலும் ஆபத்து. கூடினால் செல்லாயி மாதிரி மெல்ல மெல்லப் போவியள். குறைஞ்சால் கண் முன்னால போவியள். ஊசி போட்டால் அரை மணித்தியாலத்துக்குள்ள சாப்பாடு வயித்துக்குள்ள போக வேணும். போகாட்டில் ஊசி உள்ள சீனியை எல்லாம் திண்டுபோடும். வேர்க்கும், கை நடுங்கும், நாக்குக் குழறும், அதுக்குப் பிறகு மயக்கம். அந்த மயக்கத்தில இருந்து எழும்பாத ஆக்களும் இருக்கினம். சீனி எப்பவும் கையோட இருக்க வேணும். அரை மணித்தியாலம், மறக்காதேங்கோ."

"ஓ டொக்டர்," என்று ஹலீமா சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

விரல் போயிற்று, கால் தப்பியது. ஊருக்கு ஆணி குத்திய கதை சொன்னோம். கடையிலிருந்து சின்னத் தராசு ஒன்று அடுப்படிக்கு வந்தது. ஹலீமா சோற்றை நிறுத்துத் தருவாள், இறைச்சியை நிறுத்துத் தருவாள், கீரையை மூன்று தண்ணீரில் கொதிக்க வைத்து வடித்து, சத்தும் ருசியும் போன சக்கையை என் முன்னால் வைப்பாள். காலையும் மாலையும் ஸ்பிரிட் விளக்கில் குழாயைப் பிடித்து நிறம் பார்ப்பாள். பச்சை என்றால் சிரிப்பாள், மஞ்சள் என்றால், "என்னத்தத் தின்னீங்க உம்மா?" என்று பொலிஸ்காரன்போல விசாரிப்பாள். எங்களவர் எனக்காகத் தேத்தண்ணீருக்குச் சீனி போடுவதை விட்டுவிட்டார். ஒவ்வொரு மிடறுக்கும் முகம் கோணாமல் இருக்க அவர் பட்ட பாடு இருக்கிறதே, அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அவர் மேல் ஆசையாகிப்போயிற்று.

அந்த நேரத்தில்தான் தெல்தெனியவிலிருந்து சம்பந்தம் வந்தது. கொக்கோவும் கொட்டைப்பாக்கும் வியாபாரம் செய்கிற வசதியான வீடு. ஹாஜரா உம்மா என்ற விதவைத் தாயும், ஸாலிஹ் என்ற ஒரே மகனும்தான் அந்த வீட்டில். சீதனம் என்ற பேச்சே எடுக்கவில்லை. எங்களவர் தரையில் கால் பாவாமல் நடந்தார். எனக்கு மட்டும் நெஞ்சுக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது. அது என் பொய்யால் வந்த அரிப்பு என்றுதான் நினைத்துக்கொண்டேன். காவின் எழுதிக் கலியாணம் முடிகிற வரைக்கும் என் வருத்தம் வெளியே தெரியக் கூடாது. அதற்குப் பிறகு எப்படியும் ஆகட்டும். எனக்கு அப்போது உயிரை விட அதுதான் பெரிதாக இருந்தது.

நிச்சயத்துக்கு எங்களை அவர்கள் வீட்டுக்கு அழைத்தார்கள். பெண்ணைக் கூட்டிப்போகிற வழக்கம் இல்லை. அதனால் ஹலீமா இல்லாமல் முதல் தடவையாக நான் தனியே ஊசி போட வேண்டியிருந்தது. அவள் மருந்து ஏற்றுகிற குழலையும் ஊசியையும் கொதிக்க வைத்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சில் சுற்றி, மருந்துக் குப்பியோடு என் வெற்றிலைச் செப்பின் அடித்தட்டில் வைத்து, மேலே வெற்றிலையை அடுக்கினாள்.

"சஹன் வைக்கப் போறண்டு தெரிஞ்சதும் போடுங்க உம்மா. முந்தியும் வாணாம், பிந்தியும் வாணாம். நெய்ச்சோறு மூணு கை, அவ்வளவுதான். சீனிப் பொட்டலத்த எடுத்தீங்களா?"

"சாப்பாட்டு வீட்டுக்குப் போறோம் மகள், அங்க சீனிக்குப் பஞ்சமா?" என்றேன். ஆயிஷா வண்டியில் என் பக்கத்தில்தான் உட்காருவாள். என் மடியைக் கிளறாமல் அவளுக்கு இருக்க முடியாது.

சஹன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோற்றைக் குவித்து, மேலே இறைச்சியும் கறிகளும் வைத்து, அதைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுவது எங்கள் விருந்து வழக்கம். முதலில் ஆண்களுக்கு வைப்பார்கள். அவர்கள் எழும்பிய பிறகுதான் பெண்களுக்கு. நான் பிறந்த நாளிலிருந்து அப்படித்தான் சாப்பிட்டு வந்திருக்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரியிலும் பிறகு வீட்டிலும் மாதக்கணக்காக மணி பார்த்துத் தனியே சாப்பிட்டுப் பழகிய எனக்கு, அன்றைக்கு அது சுத்தமாக மறந்துபோய்விட்டது. அந்த டொக்டருக்கு எங்கள் வழக்கம் எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டியவள் நான்.

தெல்தெனிய வீட்டுக்குப் போனவுடன் சர்பத் கொடுத்தார்கள். யாரும் பார்க்காதபோது அதை ஒரு பூச்சாடிக்குள் ஊற்றிவிட்டு, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். பெண்கள் உள்ளறையில் பாயில் உட்கார்ந்தோம். நடுவில் திரை, அந்தப் பக்கம் ஆண்கள். கொஞ்ச நேரத்தில் அடுப்படியில் சத்தம் கேட்டது: "சோறு எறக்கியாச்சு, சஹன எடுங்க!" நெய் வாசம் வந்தது. நான் செப்பை எடுத்துக்கொண்டு குளிக்கிற அறைக்குப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டு, பிஸ்மி சொல்லி, ஹலீமா சொல்லித்தந்தபடியே குத்தினேன். ஒருவழியாகப் போட்டு முடித்தேன். பெரிய காரியம் சாதித்தவள்போல வந்து பாயில் உட்கார்ந்தேன்.

என் முன்னாலேயே சஹன்கள் ஒவ்வொன்றாகத் திரைக்கு அந்தப் பக்கம் போயின.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அட அல்லாஹ்! ஊசியோ ஏற்கெனவே உள்ளே. சரி, ஆண்கள் எவ்வளவு நேரம் சாப்பிடுவார்கள், தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் சோறு போன பிறகும் திரைக்கு அந்தப் பக்கம் கை வைக்கிற சத்தமே இல்லை. கண்டியிலிருந்து ஹஸ்ரத் ஒருவர் வர வேண்டுமாம், அவர் துவா ஓதித்தான் தொடங்க வேண்டுமாம், அவர் வந்த மோட்டார் மழையில் வழியில் நின்றுபோய்விட்டதாம்.

"கொஞ்சம் சொணங்கும் போல," என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே வெற்றிலைத் தட்டை நீட்டினாள்.

பெண்ணின் உம்மா நான். மாப்பிள்ளை வீட்டில், ஆண்களே இன்னும் கை நனைக்காதபோது, "எனக்குப் பசிக்கிறது, ஏதாவது தாருங்கள்" என்று எப்படிக் கேட்பது? கேட்டால் ஏன் என்பார்கள். ஏன் என்றால் என்ன சொல்வது? எங்களவரைக் கூப்பிடலாம் என்றால் அவர் திரைக்கு அப்பால் பெரியவர்களுக்கு நடுவில். நான் வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சிரித்தேன்.

முதலில் மேலுதடு மரத்தது. பிறகு கழுத்தடியில் குளிர்ந்த வேர்வை வழிந்தது. கைவிரல்கள் தாமாக ஆடின, அவற்றை முந்தானைக்குள் ஒளித்தேன். திரையில் இருந்த பூக்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. ஆயிஷா ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் வாய் அசைகிறது, சத்தம் எங்கோ தூரத்திலிருந்து வருகிறது. ஏனோ தெரியாது, எனக்கு அவள் மேல் கொலைவெறி வந்தது. "வாய மூடுங்க!" என்று கத்த வாயெடுத்தேன். நாக்குப் புரளவில்லை. டொக்டர் சொன்னது ஒவ்வொன்றாக, அவர் சொன்ன வரிசையிலேயே வந்துகொண்டிருந்தது. இனி வரப்போவது எது என்றும் எனக்குத் தெரிந்தது. ஹலீமா வீட்டில் விளக்கைத் துடைத்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருப்பாளே என்று நினைத்தேன். சாகப் பயமாக இருந்தது. ஆனாலும் வாய் திறந்து கேட்கவில்லை. அப்படி ஒரு பிடிவாதம்.

யாரோ என் முகவாயைப் பிடித்துத் தூக்கினார்கள். ஹாஜரா உம்மா. ஒரு கையால் என் கழுத்து வேர்வையைத் தொட்டுப் பார்த்தாள். மறு கை இடுப்பில் சொருகியிருந்த ஒரு பொட்டலத்தை எடுத்தது. வாயிலிருந்த வெற்றிலையை விரலால் வழித்தெறிந்துவிட்டு, சீனியை அள்ளி என் கன்னத்துக்கு உட்புறமாகத் தேய்த்தாள். "முழுங்க வாணாம். அப்பிடியே கரைய விடுங்க," என்று காதுக்குள் சொன்னாள். சுற்றியிருந்தவர்களிடம் சத்தமாக, "பாக்குப் புடிச்சிட்டு, வேற ஒண்டுமில்ல. எங்க ஊட்டுப் பாக்குக் கொஞ்சம் கடுப்பு," என்று சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். ஆயிஷா விசிறி எடுத்து வீசினாள்.

கொஞ்சங்கொஞ்சமாகத் திரைப்பூக்கள் ஒன்றாயின. உயிர் திரும்பி வந்தது. ஹஸ்ரத்தும் வந்தார், ஆண்கள் சாப்பிட்டு எழும்பினார்கள், எங்களுக்குச் சஹன் வந்தது. ஹாஜரா உம்மா என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். சோற்றைத் தன் பக்கம் இழுத்து, இறைச்சியை என் பக்கம் தள்ளினாள். யாரும் கவனிக்காதபடி அத்தனை லாவகமாகச் செய்தாள். கடைசியில் இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தபோது என் பங்கையும் சேர்த்துத் தானே ருசித்துச் சாப்பிட்டாள்.

கை கழுவ என்னைப் பின்பக்கத்துக்குக் கூட்டிப்போனாள். செம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "எத்தன யூனிட் போட்டீங்க தங்கச்சி?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஒங்களுக்கும் ஈக்கிதா ராத்தா?"

"எனக்கில்ல."

அவள் சாப்பிட்ட வட்டிலப்பம் கண் முன்னால் வந்தது. அந்த வீட்டில் அவளையும் மகனையும் தவிர வேறு யாரும் கிடையாது. சீனிப் பொட்டலத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு அவள் திரிவது யாருக்காக? கிணற்றுக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"எப்ப இத எங்களுக்குச் செல்ல ஈந்த நீங்க?" என்று கேட்டேன்.

"காவின் முடிஞ்ச பொறகு." கொஞ்சமும் மழுப்பாமல் சொன்னாள். "ஆஸ்பத்திரிக்கு அவனக் கூட்டிப் போன எடத்துல ஒங்க மகளக் கண்ட. அவள் தோடம்பழத்துல ஊசி குத்திப் பழகின. நான் ஆருண்டு விசாரிச்ச. அவள் கை நடுங்கல்ல தங்கச்சி. அண்டைக்கே நெனச்ச, எனக்கு மருமகள்டா இதுதாண்டு."

"அவர் சொந்தமாப் போட ஏலாதா?"

"அவனே போடுற. போட்டுட்டுச் சாப்பிட மறந்து போற. கடைக்குச் சனம் வந்தா மறந்து போற, பாக்கு நிறுக்கப் போய் மறந்து போற. ரெண்டு தரம் அவன மையத்த எடுத்த மாதிரி ஊட்டுக்கு எடுத்து வந்த. நான் கடைக்குப் பின்னால கதிரையப் போட்டுட்டு அவன் மொகத்தையே பாத்துட்டு ஈக்கிற." அவள் செம்பைக் கீழே வைத்தாள். "எனக்கு நெஞ்சு வருத்தம். நான் மௌத்தாப் போனா அவனுக்கு ஆரு ஈக்கிற? நீங்களும் ஒரு உம்மா, செல்லுங்க."

எனக்கு அவளைக் கன்னத்தில் அறைய வேண்டும்போல இருந்தது. கட்டிப்பிடித்து அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினேன். போகிற வழியில் ஸாலிஹைக் கண்டேன். கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு ஸலாம் சொன்னார். நல்ல முகம். சட்டை தோளில் தொங்கியது. என் வளையல் தொங்கிய தொங்கல் நினைவுக்கு வந்து நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் எங்களவர் தொழப் பள்ளிக்குப் போய்விட்டார். ஹலீமா குழாயோடு தயாராக நின்றாள். விளக்கில் பிடித்தாள், செங்கல் நிறம். "விருந்து," என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழாயைக் கழுவத் தொடங்கினாள். நான் அவளிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"இது சரிவராது மகள்," என்றேன். "வாப்பா வந்ததும் செல்லி, இந்தச் சம்பந்தம் வாணாமெண்டு நாளைக்கே ஆள் அனுப்புற. என் சீனி ஊருக்குத் தெரிஞ்சாத் தெரியட்டும். நீ கலியாணமில்லாமக் கொமராவே ஈந்தாலும் பரவாயில்ல, ஒன்ன அந்தக் கெணத்துல தள்ள மாட்டன்."

"நீங்க மயங்கப் போன நேரம் சீனி வெச்சது அவங்களா உம்மா?"

"ஓ."

"அவங்க இல்லாட்டி?"

அவள் குழாயைத் தலைகீழாக வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"நீங்க அவங்களுக்கு ஒளிச்ச. அவங்க ஒங்களுக்கு ஒளிச்ச. எங்கிட்ட மட்டும் ஆரும் ஒண்டும் கேக்கல்ல," என்றாள். அவளுக்குக் கோபம் வந்து நான் கண்டது அதுதான் முதல் தடவை. நான் அழுதேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். ஊசியைக் கொதிக்கப் போட எழும்பினவள், அடுப்படி வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"காவின் எழுத மாப்பிள்ளய சபையில எவ்வளவு நேரம் உக்கார வெப்பாங்க உம்மா? அண்டைக்கு அவருக்கு முதல்ல சோறு குடுக்கச் செல்லுங்க."